குடுவையில் மடியும் புற்றுசெல் உடலில் ஏன் மடிவதில்லை? நுரையீரல் புற்றுநோயும் தாவரச் சேர்மங்களும்

#1 – வேர்நுனி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் தாவரவியல் முதுகலை இறுதியாண்டு மாணவன். ஆய்வேட்டுக்காக, நுரையீரல் புற்றுநோய்க்கு எதிராகச் செயல்படுவதாகச் சொல்லப்படும் தாவரச் சேர்மங்களைப் பற்றிய கட்டுரைகளைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. இலையையோ வேரையோ உலர்த்தி, மெத்தனாலில் சாறு இறக்கி, ஏ549 என்னும் செல்வரிசையின்மேல் இட்டு, 48 மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட செல்கள் இறந்திருக்கின்றன. இத்தாவரம் நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்தாகும் வாய்ப்புடையது என்று எழுதி முடிக்கிறார்கள்.

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு முடிந்த கட்டுரைகளின் சேர்மங்கள் பிறகு என்ன ஆயின என்று தேடினால், அவற்றில் பல இன்னும் வேறொருவரின் குடுவையில்தான் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 24.8 லட்சம் பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். தேவை இவ்வளவு இருக்க, கண்டுபிடிப்புகளும் குவிய, இரண்டும் சந்திக்காமல் இருப்பது எதனால்? குறை தாவரத்திலா, ஆய்வு முறையிலா, மருந்து வணிகத்திலா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் கடமைப்பட்டிருப்பேன்.

#2 – குடுவைக்காரன்

பன்னிரண்டு ஆண்டுகளாகச் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் கட்டுரைகளில் இரண்டில் என் பெயரும் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஏ549 என்பது 58 வயதான ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு 1972 முதல் ஆய்வகங்களில் வளர்ந்து வரும் செல்வரிசை. அது ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு கட்டி. அதுவும் அரை நூற்றாண்டாகப் பிளாஸ்டிக் தட்டில் வாழப் பழகிவிட்டது. அங்கே சேர்மம் செல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. செல்லே சேர்மத்தில் மூழ்கிக் கிடக்கிறது. உடலில் அதே சேர்மம் குடல் சுவரைக் கடந்து, கல்லீரலின் நொதிகளிடம் தப்பி, இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டது போக எஞ்சியதை எடுத்துக்கொண்டு, இரத்த ஓட்டம் சீராக இல்லாத கட்டிக்குள் நுழைய வேண்டும். குடுவையில் செல்லைக் கொல்வது பெரிய சாதனை அல்ல. சலவைக் காரமும் கொல்லும்.

எனவே கொல்கிறதா என்பதைவிட, எந்த அளவில் கொல்கிறது என்பதே முதன்மையான கேள்வி. மஞ்சளில் உள்ள குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுசெல்களில் பாதியைக் கொல்ல அதற்குப் பெரும்பாலும் பத்து முதல் பல பத்து மைக்ரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) வரை செறிவு தேவைப்படுகிறது. 2001இல் வெளியான ஒரு மனித ஆய்வில், நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமினை விழுங்கியவர்களின் இரத்தத்தில் அதன் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை. மறுபுறம், பாக்ளிடாக்சல் என்னும் தாவர வழிவந்த புற்றுநோய் மருந்து சில நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலேயே செல்லைக் கொன்றுவிடும். இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. கட்டுரையின் சுருக்கத்தைப் படிக்கும்போது இந்த ஒரு எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள். பாதிக் கட்டுரைகள் அங்கேயே நின்றுவிடும்.

குர்குமினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது தானே ஒளிரும், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும், நடுநிலைக் கரைசலில் விரைவில் சிதையும். ஆகவே சோதனைக் கருவிக்கு அது எல்லா இலக்குகளையும் தாக்குவது போலத் தோற்றம் தரும். 2017இல் மருந்து வேதியியல் இதழொன்றில் வந்த விரிவான மீளாய்வு, நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவ ஆய்வுகளுக்குப் பிறகும், இரட்டை மறைப்போடு (யாருக்கு எது தரப்படுகிறது என்பது நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாதபடி) போலி மருந்துடன் ஒப்பிட்ட எந்த ஆய்விலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று முடிவு கட்டியது.

#3 – நிழல்மரம்

குடுவைக்காரன் சொன்னவை சரியே. ஆனாலும் இந்த உரையாடல் தாவரச் சேர்மங்கள் என்றாலே வெறும் வாக்குறுதி என்ற திசையில் சாய்ந்துவிடக் கூடாது. நுரையீரல் புற்றுநோய்க்கு இன்று தரப்படும் கீமோதெரபி மருந்துகளின் பட்டியலைப் பாருங்கள். பாக்ளிடாக்சல், டோசிடாக்சல், வினோரெல்பின், எடோபோசைடு, டோபோடிகான் ஆகிய ஐந்தும் தாவரத்தில் பிறந்தவை அல்லது தாவர மூலக்கூற்றைத் திருத்திச் செய்தவை. வேர்நுனி அவர்களே, தாவரமும் நோயாளியும் சந்திக்கவே இல்லை என்று எழுதினீர்கள். பல பத்தாண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். மருந்துப் புட்டியில் தாவரத்தின் பெயர் இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நித்தியகல்யாணியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் இலைச்சாறு நீரிழிவுக்கு நல்லது என்ற நாட்டு வழக்கைச் சோதிக்கப் போன கனடா ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், எலிகளின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைகின்றன என்று கண்டார்கள். அதிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து கிடைத்தது. நாட்டு வழக்கு சொன்ன நோய்க்கு அது உதவவில்லை. யாரும் கேட்காத நோய்க்கு உதவியது. பிற்காலத்தில் பிரான்சின் பியர் போத்தியே குழுவினர் அதே குடும்பத்து மூலக்கூற்றின் வளையமொன்றைச் சுருக்கி வினோரெல்பினைச் செய்தார்கள். சிறுசெல் அல்லாத வகை நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை 1994இல் ஏற்றது. நுரையீரல் புற்றுநோயில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்த வகையைச் சேர்ந்தது.

இவற்றின் செயல்முறையும் அழகானது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பங்கிட நுண்குழாய்களால் ஒரு சாரத்தைக் கட்டி, வேலை முடிந்ததும் அதைப் பிரித்துவிடும். நித்தியகல்யாணி மருந்துகள் அந்தச் சாரத்தைக் கட்ட விடுவதில்லை. பாக்ளிடாக்சலோ கட்டிய சாரத்தைப் பிரிக்க விடுவதில்லை. இந்த இரண்டாவது வழியை 1979இல் கண்டு சொன்னவர் சூசன் ஹார்விட்ஸ். அதற்கு முன் அப்படியொரு வழியில் செல்லை நிறுத்த முடியும் என்றே யாரும் நினைத்திருக்கவில்லை. வேதியியலாளர் காகிதத்தில் வரைந்து எட்ட முடியாத வடிவங்களைச் செடி தன் பகைவர்களுக்காக முன்பே செய்து வைத்திருக்கிறது, அதனால்தான் தேடுகிறோம்.

#4 – எதிர்க்கரை

எல்லாம் சரி. ஆனால் இயற்கைச் சேர்மத்துக்குக் காப்புரிமை கிடைக்காது என்பதால் மருந்து நிறுவனங்கள் அவற்றைத் தொடுவதில்லை என்ற வெளிப்படையான காரணத்தை ஒருவரும் சொல்லவில்லையே. வேலை செய்யும் மூலிகைகள் பலவும் இந்த ஒரே காரணத்தால்தான் முடங்கிக் கிடக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

#5 – மருந்தறை

எதிர்க்கரை அவர்களின் வாதத்தில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். காப்புரிமை இல்லாத பொருளுக்குப் பல ஆயிரம் நோயாளிகளைக் கொண்ட மூன்றாம் கட்ட ஆய்வை நடத்தப் பணம் திரட்டுவது கடினம். ஆயினும் அந்த வாதத்தை முழுமையாக ஏற்க முடியாதபடி குறுக்கே நிற்பது பாக்ளிடாக்சலின் வரலாறே.

1962இல் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்ளே, பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அது அரசின் பணத்தில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தாவரத் தேடலுக்காக எடுக்கப்பட்டது. வேதியியலாளர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் அதிலிருந்து சேர்மத்தைப் பிரித்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். மூலக்கூறு ஊரறிந்த செய்தியாகிவிட்டதால் அதற்கு எவரும் காப்புரிமை கோர முடியவில்லை. 1991இல் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் என்னும் மருந்து நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. 1992 இறுதியில் சூலகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்கப்பட்டபோது, சட்டப்படி ஐந்தாண்டுத் தனிச்சந்தை உரிமை கிடைத்தது. மூலக்கூறுக்குக் காப்புரிமையே இல்லாத அந்த மருந்து, உலகில் மிக அதிகமாக விற்பனையான புற்றுநோய் மருந்துகளுள் ஒன்றாயிற்று. மேலும், தயாரிப்பு முறைக்கும், மருந்தைக் கரைக்கும் வழிக்கும், திருத்திய மூலக்கூறுக்கும் தாராளமாகக் காப்புரிமை பெறலாம். பணம் பார்க்கும் வழியை நிறுவனங்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.

உண்மையில் அந்த மருந்தை இருமுறை கொல்லப் பார்த்தவை வேறு. முதலாவது, அது நீரில் கரையவில்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து கொடுத்தபோது, முதற்கட்ட ஆய்வுகளிலேயே கடுமையான ஒவ்வாமை எழுந்து, ஆய்வு ஏறக்குறைய நின்றுபோகும் நிலைக்கு வந்தது. மெதுவாக ஏற்றுவதும், முன்கூட்டியே ஒவ்வாமைத் தடுப்பு மருந்து தருவதும் அதைக் காப்பாற்றின. இன்றும் அந்த மருந்தை ஏற்றுமுன் ஸ்டீராய்டு தருவது இதனால்தான். அந்தக் கரைப்பானே இல்லாமல், ஆல்புமின் புரதத்தோடு பிணைத்துச் செய்த வடிவம் நுரையீரல் புற்றுநோய்க்கு 2012இல்தான் வந்தது.

இரண்டாவது தடை மரம். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும்; நூறாண்டு வளர்ந்த மரமொன்றின் பட்டையில் ஏறத்தாழ ஒரு வேளை மருந்துதான் தேறும். ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் முன்னோடிச் சேர்மமொன்றை வேதிமுறையில் திருத்தலாம் என்று கண்டறிந்த பிறகே காடு தப்பியது. இலை மறுபடி துளிர்க்கும் அல்லவா? டோசிடாக்சல் பிறந்ததும் அந்த இலை வழியில்தான். பட்டை உரித்த ஆண்டிலிருந்து நுரையீரல் புற்றுநோய்க்கு பாக்ளிடாக்சல் ஏற்கப்பட்ட 1998 வரை கணக்கிட்டால் 36 ஆண்டுகள்.

#6 – எதிர்க்கரை

ஐந்தாண்டுத் தனியுரிமை பற்றிய செய்தி எனக்குப் புதிது. என் கருத்தின் கூர்மையைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் சிகிச்சையை விட்டுவிட்டுத் தடுப்பைப் பார்த்தால் என்ன? காய்கனிகளில் இயல்பாகவே இருக்கும் சேர்மத்தை மாத்திரையாகத் தருவதில் ஆபத்து இருக்க முடியாதே.

#7 – குடுவைக்காரன்

இருந்தது. பீட்டா கரோட்டின் வரலாற்றை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். காய்கனி மிகுதியாக உண்பவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்தவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல கணக்கெடுப்புகள் காட்டின. விலங்கு ஆய்வுகளும் ஒத்துப்போயின. ஆகவே பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்து, அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் வைட்டமின் ஏ-யும் சேர்த்து நடந்த மற்றோர் ஆய்வில் 28 விழுக்காடு கூடியது. 1996 தொடக்கத்தில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

உணவில் சிறிதளவாக, நூறு பொருள்களோடு கலந்து வரும் ஒன்றைத் தனியே பிரித்துப் பல மடங்காக, புகையால் புண்பட்ட நுரையீரலுக்குள் அனுப்பினால் அது அதே பொருளாக நடந்துகொள்ளும் என்று நாம் எண்ணிவிட்டோம். ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்தாமல் இருந்திருந்தால், இன்றும் புகைபிடிப்பவர்களுக்கு அந்த மாத்திரையைப் பரிந்துரைத்துக்கொண்டிருப்போம்.

#8 – தாய்மடி

வணக்கம். நான் ஆய்வாளர் அல்லள். என் அம்மாவுக்குச் சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய். மரபணுச் சோதனைக்குப் பிறகு ஓசிமெர்டினிப் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பெரியப்பா பல மூலிகைகள் சேர்ந்த பொடியொன்றை வாங்கி வந்து, மாத்திரையோடு இதையும் கொடு, கெடுதல் ஒன்றும் இல்லை, இயற்கைதானே என்கிறார். அவர் மனத்தைப் புண்படுத்தவும் எனக்கு மனமில்லை. புட்டியில் சேர்பொருள்கள் முழுமையாக எழுதப்படவில்லை. மருத்துவரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தில் இங்கே கேட்கிறேன்.

#9 – மருந்தறை

அம்மா நலம் பெற வேண்டுகிறேன், சகோதரி. தயங்காமல் அந்தப் புட்டியையே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை பொடியைத் தொடங்க வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரியப்பாவிடம் விளக்க உதவும்.

ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 என்னும் நொதியும் அதன் உறவு நொதிகளும் சிதைத்து வெளியேற்றுகின்றன. மூலிகை ஏதேனும் அந்த நொதியை முடுக்கிவிட்டால், மாத்திரை வேலை செய்யுமுன் உடலைவிட்டுப் போய்விடும். விழுங்கியும் விழுங்காதது போலாகும். மேலைநாடுகளில் மனச்சோர்வுக்கு உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை இதற்குத் தெளிவான சான்று. கேம்ப்டோதெசின் என்னும் தாவரச் சேர்மத்தின் வழிவந்த இரினோடிகான் என்ற மருந்தோடு அதை எடுத்தவர்களின் இரத்தத்தில், மருந்தின் செயல்படும் வடிவம் 42 விழுக்காடு குறைந்ததை 2002இல் வந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. ஓசிமெர்டினிப்பின் மருந்துக் குறிப்பிலும் அந்த மூலிகையைத் தவிர்க்குமாறு எழுதியிருக்கிறது. வேறு சில தாவரப் பொருள்கள் கல்லீரல் நொதிகளை முடக்கி, மருந்து உடலில் தேங்கும்படி செய்யும். உங்கள் கையிலுள்ள பொடி எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைச் சேர்பொருள் தெரியாமல் எவராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலான புற்றுநோய் மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. மறைத்துவிட்டு, பிறகு கல்லீரல் சோதனையில் எண்கள் ஏறும்போது காரணம் தெரியாமல் மாத்திரையை நிறுத்த நேர்வதுதான் அவர்களை வருத்தும். பெரியப்பா பொடியோடு நிற்கிறார், மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை என்பது நல்லது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தவர்களையும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டது. நுரையீரல் புற்றுநோயில் முதல் வகையினரின் இறப்பு அபாயம் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

#10 – தாய்மடி

மிக்க நன்றி ஐயா. வரும் வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. புட்டியை எடுத்துச் செல்கிறேன். பெரியப்பாவையும் உடன் அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறேன்.

#11 – வேர்நுனி

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. தனிச் சேர்மத்தைப் பிரிப்பதால்தான் தோற்கிறோம், முழுச் சாற்றில் பல பொருள்கள் கூடிச் செயல்படுகின்றன என்று சில கட்டுரைகள் வாதிடுகின்றன. இதில் உண்மை உண்டா?

#12 – நிழல்மரம்

கூட்டு விளைவு சில இடங்களில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிறுவ, ஒவ்வொரு பொருளும் தனியே எவ்வளவு, சேரும்போது எவ்வளவு என்று அளந்து காட்ட வேண்டும். பெரும்பாலான கட்டுரைகளில் அந்தச் சொல், எது வேலை செய்கிறது என்று தெரியாததை மறைக்கும் போர்வையாகவே பயன்படுகிறது. மழைக்குப் பின் பறித்த இலையும் கோடையில் பறித்த இலையும் ஒரே சாற்றைத் தருவதில்லை என்பது தாவரவியல் படிப்பவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரலாறு காட்டும் திசை வேறு. வென்ற மூலக்கூறுகளில் பல, செடியில் இருந்தபடியே வெல்லவில்லை. கேம்ப்டோதெசினைப் பாருங்கள். வாலும் வானியும் 1966இல் சீனத்து மரமொன்றிலிருந்து அதைப் பிரித்து அறிவித்தார்கள். நீரில் கரையவில்லை என்பதால் சோடியம் உப்பாக மாற்றி மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். அப்படி மாற்றும்போது மூலக்கூறின் ஒரு வளையம் திறந்துகொள்கிறது. வளையம் திறந்தால் மருந்துக்கு வலிமை இல்லை. அமிலத் தன்மையுள்ள சிறுநீரிலோ வளையம் மறுபடி மூடிக்கொள்கிறது. கட்டியில் செயலற்றும் சிறுநீர்ப்பையில் செயலோடும் இருந்த ஒரு மருந்து! சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, 1970களில் ஆய்வுகள் கைவிடப்பட்டன. 1985இல் அதன் இலக்கு டோபோஐசோமரேஸ்-1 என்ற, டிஎன்ஏ இழையின் முறுக்கைத் தளர்த்தும் நொதி என்று தெரிந்த பிறகுதான் மீண்டும் கையில் எடுத்து, கரையும்படி திருத்தி, டோபோடிகானைச் செய்தார்கள். சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் திரும்ப வந்தவர்களுக்கு அது 1998இல் ஏற்கப்பட்டது.

அத்தோடும் நிற்கவில்லை. அதே குடும்பத்து மூலக்கூறொன்றை எதிர்ப்புரதத்தில் (குறிப்பிட்ட இலக்கைத் தேடி ஒட்டும் புரதம்) ஏற்றி, எச்இஆர்2 மரபணு மாற்றமுள்ள நுரையீரல் புற்றுசெல்லின் வாசலிலேயே இறக்கிவைக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்னும் மருந்து 2022இல் வந்தது. ஓர் எதிர்ப்புரதத்துக்கு ஏறத்தாழ எட்டு மூலக்கூறுகள். அதற்கும் விலை உண்டு. சிலருக்கு நுரையீரல் திசுவிலேயே அழற்சி வருவதால் விழிப்போடு தர வேண்டியிருக்கிறது.

எடோபோசைடு இன்னும் வியப்பானது. மே ஆப்பிள் செடியின் போடோபிலோடாக்சின், நித்தியகல்யாணி மருந்துகளைப் போலவே நுண்குழாய்களைத் தாக்கும்; நஞ்சு மிகுதி. சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர்கள் அதில் சர்க்கரைத் துண்டொன்றை இணைத்துத் திருத்தியபோது, நுண்குழாயை விட்டுவிட்டு டோபோஐசோமரேஸ்-2 என்ற வேறொரு நொதியைத் தாக்கும் மருந்து கிடைத்தது. 2018இல் சிறுசெல் வகைக்கு நோயெதிர்ப்பு மருந்தான அட்டெசோலிசுமாபைச் சேர்த்து ஆய்வு நடத்தியபோதும், அதை எடோபோசைடு, கார்போபிளாட்டின் இரண்டின் மேல்தான் ஏற்றினார்கள். இடைநிலை ஆயுள் (பாதி நோயாளிகள் உயிரோடிருக்கும் காலம்) 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாயிற்று. இரண்டே மாதமா என்று தோன்றலாம். அந்த நோயில் பல ஆண்டுகளாக அந்த எண் அசையவே இல்லை.

#13 – வேர்நுனி

என் ஆய்வேட்டில் மூன்று தாவரங்களின் சாறுகளை ஏ549 மேல் மட்டும் சோதித்திருக்கிறேன். மிக நல்ல சாறுக்கே பாதிச் செல்களைக் கொல்ல மில்லிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. இதை நல்ல முடிவு என்று எழுதியிருந்தேன். என்ன செய்யலாம்?

#14 – குடுவைக்காரன்

கச்சாச் சாறுக்கு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் இருந்தால்தான் மேலே தொடர்வது என்பது பலரும் கொள்ளும் பழைய அளவுகோல். 180 என்பதை வலுவற்றது என்றே எழுதுங்கள். எதிர்மறை முடிவும் முடிவுதான், அடுத்தவரின் ஓராண்டு உழைப்பு மிச்சமாகும். கட்டியல்லாத நுரையீரல் செல்வரிசை ஒன்றையும் அவசியம் சேருங்கள். எம்ஆர்சி-5 பல ஆய்வகங்களில் கிடைக்கும். ஒப்பீட்டுக்குப் பாக்ளிடாக்சலை ஒரு வரிசையில் வையுங்கள். கரைப்பானான டிஎம்எஸ்ஓ சோதனைத் தட்டின் எல்லாக் குழிகளிலும் ஒரே அளவில், 0.1 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். நான் முதலில் வெளியிட்ட கட்டுரையில் அதைக் கவனிக்காமல், கரைப்பான் கொன்றதைச் செடியின் கணக்கில் எழுதிவிட்டேன்.